டிரம்மருக்கு இடமில்லாத வீடுகள்

1982 மே மாதம் லண்டனில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்ய வேண்டும் என்று கேட்டது. பாரி மேனிலோ என்கிற அமெரிக்கப் பாடகர் தன் பிரிட்டிஷ் சுற்றுப்பயணத்தில், ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதை சிந்தசைசரை வைத்துச் சமாளித்துவிட்டார். வயலின்காரர்களுக்கு வயிறு எரிந்தது. எரியத்தானே செய்யும்? தடை ஏதும் கடைசியில் வரவில்லை, அது வேறு கதை.

அந்தத் தீர்மானத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு ஒன்று தோன்றும். அதே மாதம் லீட்ஸில், சிகாகோவில், இன்னும் எத்தனையோ ஊர்களில் மலிவு டிரம் மெஷினை வைத்துப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள் பெரும்பாலும் எந்த டிரம்மரின் சோற்றிலும் மண் போட்டவர்கள் அல்ல. வேலையை விட்டு அனுப்ப முதலில் ஒரு டிரம்மர் இருந்தால்தானே?

'இயந்திரம் மனிதனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது' என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பெரிய ஸ்டூடியோக்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. மலிவான பெட்டிகளின் கதை வேறு. அவை பிடித்துக்கொண்டது காலியாகக் கிடந்த இடத்தை. ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்டால், என் பதில் ஒரே வார்த்தை: வாடகை.

டிரம்ஸ் செட் வாங்குவது பெரிய காரியமில்லை. பழையது எங்காவது கிடைக்கும். அதை எங்கே வைப்பது? நான் இருப்பது சென்னையில் ஒரு மாடி போர்ஷன். கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினாலே கீழ்வீட்டில் சீரியல் சத்தம் கூடும். அதுதான் எனக்கான நோட்டீஸ். இந்த வீட்டுக்குள் கிக் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து மிதித்தால் அட்வான்ஸ் பணம் மறுநாள் காலையே கைக்கு வந்துவிடும். டிரம்மர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதென்றால் சத்தம் போட ஒரு இடம், அந்த இடத்துக்கு மணிக்கணக்கு வாடகை, செட்டைத் தூக்கிப் போக ஒரு வண்டி, எல்லாருக்கும் ஒத்துவருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று செலவு நீண்டுகொண்டே போகும். கார்டிஃபிலும் லிவர்பூலிலும் சிகாகோ புறநகரிலும் அன்று பாட்டுக் கட்டியவர்களுக்கும் இதே கணக்குதான்.

டிரம் மெஷின் பிறந்த கதையே வீட்டுக் கூடத்துக் கதை. 1959-ல் வுர்லிட்சர் கம்பெனி 'சைட் மேன்' என்று ஒரு பெட்டியை விற்கத் தொடங்கியது. உள்ளே ஒரு தட்டு இருக்கும். சுற்றும்போது தொடுமுனைகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட, வால்வுகள் 'டொக், டிஸ்' என்று ஒலிக்கும். வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்துணையாக அதை நிறுத்தி வைக்கலாம். அப்போதே அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் முகம் சுளித்தது.

பிறகு ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷி வருகிறார். 1930-ல் ஒசாகாவில் பிறந்தவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், வாட்ச் ரிப்பேர் செய்து பிழைத்தவர். 1964-ல் அவருடைய ஏஸ் டோன் கம்பெனி ஆர்-1 என்று ஒரு கருவி செய்தது. கையால் பட்டனைத் தட்டினால் ஒலிக்கும், தானாக வாசிக்காது. யாரும் சீந்தவில்லை. 1967-ல் வந்த எஃப்ஆர்-1 ரிதம் ஏஸ் தானாக வாசித்தது. தயார்நிலையில் 16 தாளங்கள். இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் கலவையாகவும் வரும். ஹாமண்ட் ஆர்கன் கம்பெனி அதைத் தன் ஆர்கன்களோடு சேர்த்துக்கொண்டது. இந்த வகைப் பெட்டிகளின் பட்டன்களில் இருந்த பெயர்களைப் பாருங்கள்: வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், போசா நோவா, சா-சா. சாப்பாடு முடிந்ததும் மாமா ஆர்கனில் உட்கார, அத்தை தலையாட்ட, ஒரு மாலைப்பொழுது. செய்தவர்கள் மனதில் இருந்தது அவ்வளவே.

அந்த மாமாக்களுக்கான பெட்டியைத்தான் ஸ்லை ஸ்டோன் 1971-ல் கையில் எடுத்தார். அவருடைய குழுவின் டிரம்மர் கிரெக் எரிகோ விலகிப் போயிருந்த நேரம். ஸ்லை பெரும்பாலும் தனியாக, வீட்டிலும் ஸ்டூடியோவிலுமாக ஒலித்தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துகொண்டிருந்தார். மேஸ்ட்ரோ ரிதம் கிங் என்ற பெட்டியின் தாளத்தின் மேல் எழுந்த 'ஃபேமிலி அஃபேர்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே மயாமியைச் சேர்ந்த டிம்மி தாமஸ், ஒரு ஆர்கன், அதன் தாளப்பெட்டி, தன் குரல், இவை மூன்றை மட்டும் வைத்து 'வை கேன்ட் வீ லிவ் டுகெதர்' பாடலைக் கொண்டுவந்தார். கேட்டுப் பாருங்கள். கூட்டமாக வாசித்திருந்தால் அந்தப் பாட்டில் அந்தத் தனிமை வந்திருக்காது.

ஆனால் இவையெல்லாம் தயார் தாளங்கள். பட்டனை அமுக்கினால் போசா நோவா. உங்களுக்கு வேண்டிய அடியை நீங்கள் எழுதிக்கொள்ள முடியாது. 1978-ல் ரோலண்ட் (ககேஹாஷி 1972-ல் தொடங்கிய கம்பெனி) வெளியிட்ட சிஆர்-78-ல் அந்த வசதி ஓரளவுக்கு வந்தது. இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் ஃபில் காலின்ஸ். உலகம் அறிந்த டிரம்மர். அவரே வீட்டில் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கட்டும்போது சிஆர்-78-ஐத்தான் ஓடவிட்டார். 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் அந்தப் பெட்டிதான் துடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் நிஜ டிரம்ஸ் இடியாக இறங்கும். டிரம்மரே வீட்டில் டிரம்ஸ் வாசிக்கவில்லை என்றால், நம்மைப் போன்றவர்கள் பாடு என்ன?

இப்போது விலைக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

1980-ல் ரோஜர் லின் எல்எம்-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸின் ஒலியைப் பதிந்து சில்லில் ஏற்றியிருந்தார். விலை ஏறத்தாழ 5,000 டாலர். மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள். அன்று நினைவகச் சில்லுகள் எவ்வளவு விலை என்பதற்கு ஒரு சாட்சி: அத்தனை விலை கொடுத்தும் அதில் கிராஷ் சிம்பல் கிடையாது. சிம்பல் ஒலி அடங்க நேரமாகும், அவ்வளவு நீள ஒலியைப் பதிந்து வைக்கச் சில்லு கட்டுப்படியாகாது. பிரின்ஸ் வாங்கினார். பெரிய ஸ்டூடியோக்கள் வாங்கின. மற்றவர்கள் பத்திரிகையில் படம் பார்த்தார்கள்.

அதே ஆண்டு ரோலண்டின் டிஆர்-808 வந்தது, 1,195 டாலருக்கு. (டி.ஆர். என்றதும் உங்களுக்கு நம்மூர் டி.ஆர். நினைவு வந்தால் தவறில்லை. அவரும் கருவியே இல்லாமல் வாயாலும் தொடையாலும் தாளம் போட்டுக் காட்டியவர்தான்.) நிஜ ஒலிப்பதிவு எதுவும் இல்லாமல், மின்சுற்றை வைத்தே கிக், ஸ்னேர், கைத்தட்டல் எல்லாவற்றையும் உண்டாக்கியது 808. அதன் சிம்பலின் சீறலுக்குத் தரக்குறைவு என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களையே தேடி வாங்கியதாக ககேஹாஷியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டுக் கழிவு குறைந்ததும் மூலப்பொருள் தீர்ந்தது. 1983-ல் 808 உற்பத்தியும் நின்றது. 12,000 அளவில் செய்திருப்பார்கள்.

லின்னோடு ஒப்பிட்டால் 1,195 மலிவு. ஆனாலும் அது பலருக்கு எட்டாத மலிவு. நியூயார்க்கில் 1982-ல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானெட் ராக்' பாட்டைத் தயாரித்த ஆர்தர் பேக்கர் சொல்லும் கதை இது. அவர்களிடம் 808 இல்லை. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம்: டிரம் மெஷினோடு ஆள், ஒரு அமர்வுக்கு 20 டாலர். கூப்பிட்டார்கள். வந்தார். சொன்னதை மெஷினில் ஏற்றிக் கொடுத்தார், போனார். ஹிப்-ஹாப்பின் திசையைத் திருப்பிய தாளம் அப்படி வாடகைக்கு வந்தது. மைக்செட்டோடு ஆபரேட்டரும் சேர்ந்தே வருவது நமக்குப் புதிதா என்ன?

சரி, 808-கூட வாங்க முடியாதவர்களுக்கு?

1980-ஐ ஒட்டி ரோலண்டின் தங்கைக் கம்பெனியான பாஸ், 'டாக்டர் ரிதம்' டிஆர்-55 என்று ஒரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. 200 டாலரை ஒட்டிய விலை. பேட்டரியில் ஓடும். தயார் தாளம் அல்ல, உங்கள் தாளத்தை நீங்களே எழுதலாம். சாதாரணர்கள் கையில் முதல்முதலாக வந்து விழுந்த புரோகிராம் செய்யும் டிரம் மெஷின் என்று இதைத்தான் நான் சொல்வேன்.

அதில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்று சொல்வது எளிது. ஒலிகள் நான்கே: கிக், ஸ்னேர், ரிம்ஷாட், ஹை-ஹாட். சிம்பல் கிடையாது. டாம் கிடையாது. ஹை-ஹாட்டை நீங்கள் எழுதவும் முடியாது. எட்டாக அடிக்கட்டுமா, பதினாறாக அடிக்கட்டுமா என்று ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பேட்டர்ன்கள் எட்டு. ஆறு பேட்டர்ன் பதினாறு ஸ்டெப், இரண்டு பேட்டர்ன் பன்னிரண்டு ஸ்டெப்.

எழுதும் முறை இருக்கிறதே, அதுதான் அழகு. கிக்கைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் 'அடி'. ஸ்டாப் பட்டனை அமுக்கினால் 'சும்மா இரு'. அடி, சும்மா, சும்மா, சும்மா, அடி, சும்மா, சும்மா, அடி... இப்படிப் பதினாறு முறை. பிறகு ஸ்னேருக்கு அதே பதினாறு. எழுதும்போது நடுவில் கவனம் சிதறினால் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். திரை ஏதும் இல்லை, எங்கே இருக்கிறோம் என்பது உங்கள் தலைக்குள்தான் இருக்க வேண்டும். தகதிமி நான்கு முறை சொல்லிப் பழகிய நமக்கு அந்தப் பதினாறு சட்டென்று பிடிபடும், பன்னிரண்டு என்றால் நான்கு தகிட. கண்ட நடையில், மிஸ்ர நடையில் எதையாவது எழுதலாம் என்று ஆசைப்பட்டால் பெட்டியில் அதற்கு வழியில்லை.

இதை வைத்து ஒரு பாட்டு முழுக்க ஓட்டுவது என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மேடையில் டிரம்மர் அடிப்பது தாளம் மட்டுமல்ல. பல்லவி முடிந்து சரணம் வரப்போகிறது என்றால் ஒரு உருட்டு உருட்டி, சிம்பலில் ஒரு போடு போட்டு, எல்லாருக்கும் சொல்லிவிடுவார். கிடார்காரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் விழித்துக்கொள்வார். டாக்டர் ரிதம் அந்தச் சேதியைச் சொல்லாது. அதற்கு உருட்டத் தெரியாது, போட சிம்பலும் இல்லை. நான்காவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தில் வாசித்ததையேதான் வாசித்துக்கொண்டிருக்கும். ஆகவே பாட்டின் திருப்பங்களைச் சொல்லும் பொறுப்பு மற்றவர்கள் தலையில் விழுந்தது. பேஸ் கிடார் மெட்டை மாற்றிச் சொன்னது. கிடார் திடீரென்று நின்று, மறுபடி நுழைந்தது. பாடுகிறவர் குரலைத் தாழ்த்தி, பிறகு உயர்த்தினார். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பல பிரிட்டிஷ் பாட்டுகளில் பேஸ் கிடார் ஏன் அப்படி முன்னால் வந்து நிற்கிறது என்பதற்கு ரசனை, பாணி என்று பல காரணம் சொல்வார்கள். டிரம்மர் பார்த்த வேலையில் பாதி அதன் தோளில் ஏறியதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. மனிதர் வாசித்தால் நீங்கள் முந்தினால் அவரும் முந்துவார், உணர்ச்சிவசப்பட்டால் கூடவே வருவார். மெஷின் வராது. தனியாக வாசிக்கும்போது நல்ல லயம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதை அது தயவு தாட்சண்யமின்றிக் காட்டிக் கொடுக்கும். உபயோகித்த எல்லாருமே முதலில் திட்டியது இதற்காகத்தான் இருக்கும்.

லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ எல்ட்ரிச் முதலில் அந்தக் குழுவின் டிரம்மர். முதல் இசைத்தட்டில் அவரே டிரம்ஸ் வாசித்திருக்கிறார். பிறகு பாடப் போய்விட்டார், அவர் இடத்துக்கு டாக்டர் ரிதம் வந்தது. அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயர் வைத்து, குழு உறுப்பினராகவே அறிவித்தார்கள். பெட்டி மாறிக்கொண்டே போனது, ரோலண்டின் டிஆர்-606, 808, ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்று. டாக்டர் பெயர் மட்டும் மாறவில்லை. கிடார்காரர்களும் பேஸ்காரர்களும் சண்டை போட்டுக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார்கள், டாக்டர் நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பதவியில் இருக்கிறார். பின்னாளைய கச்சேரிகளில் மேடையில் டாக்டரைக் கவனித்துக்கொள்பவருக்கு அவர்கள் வைத்த பதவிப் பெயர் 'நர்ஸ்'.

சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் ஸ்டீவ் அல்பினி என்கிற கல்லூரி மாணவரும் இதே வழிக்கு வந்தார். சேர்ந்து வாசிக்க அவருக்குப் பிடித்த மாதிரி ஆள் கிடைக்கவில்லை (அவருடைய நாக்கை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது). 1982-ல் வந்த 'லங்ஸ்' இசைத்தட்டை, நண்பரிடம் ஒரு பெட்டி பீருக்கு இரவல் வாங்கிய நான்கு டிராக் ரெக்கார்டரில், தன் அறையிலேயே ஏறக்குறைய தனியாளாகப் பதிந்தார். டிரம்ஸ்: டிஆர்-606. அந்தப் பெட்டியின் விலை 395 டாலர். அவருடைய பிக் பிளாக் குழுவின் இசைத்தட்டு அட்டைகளில் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் 'ரோலண்ட்' என்றே இருக்கும், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் போல. அதே 606-ஐ வீட்டுக் கிடார்காரர்கள் துணைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று ரோலண்ட் எதிர்பார்த்திருக்கலாம். அல்பினியின் கையில் அது இயந்திரக் கூடத்துச் சம்மட்டி ஆனது. 606 அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கோபமாக யாரிடமும் ஒலித்து நான் கேட்டதில்லை.

இவர்களுக்கெல்லாம் நேர் எதிர் கார்டிஃபின் யங் மார்பிள் ஜயன்ட்ஸ். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் நாயகர்கள் இவர்கள்தான். இரண்டு அண்ணன் தம்பிகள், ஸ்டூவர்ட் மாக்ஸம், பிலிப் மாக்ஸம். பாட அலிசன் ஸ்டாட்டன். மாக்ஸம்களின் உறவுக்காரர் ஒருவர் தொலைபேசி இன்ஜினியர், சிந்தசைசரையும் தாளப்பெட்டியையும் தாமே செய்தவர். அவருடைய பெட்டியின் தாளங்களை கேசட்டில் பதிந்துகொண்டார்கள். கச்சேரி என்றால் கேசட்டைப் போட்டுவிட்டு அதோடு வாசிப்பார்கள். அதாவது டிரம் மெஷின்கூட மேடைக்கு வரவில்லை, அதன் நிழல்தான் வந்தது. 1980-ல் வெளிவந்த 'கலாசல் யூத்' ஆல்பத்தை வேல்ஸில் ஒரு ஸ்டூடியோவில் ஐந்தே நாட்களில் முடித்துவிட்டார்கள். அதில் டிரம்ஸ் என்று நாம் நினைப்பது எதுவும் இருக்காது. சுவர்க்கடிகாரத்துக்குக் கொஞ்சம் தாள ஞானம் வந்த மாதிரி மெல்லிய 'டிக், டொக்'. அதற்கு மேல் பேஸ், அதட்டாத கிடார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். பங்க் இரைச்சல் உச்சத்தில் இருந்த ஊரில், கீழ்வீட்டுக்காரர் தூக்கம் கலையாத அளவில் ஒரு ஆல்பம்.

லிவர்பூலின் எக்கோ அண்ட் தி பன்னிமென் கதை தலைகீழ். 1978-ல் எரிக்ஸ் கிளப்பில் முதல் கச்சேரி, வில் சார்ஜன்ட் வைத்திருந்த மினி பாப்ஸ் ஜூனியர் பெட்டியோடு. முதல் சிங்கிளிலும் அதுதான். பிறகு பெரிய கம்பெனி ஒப்பந்தம் வந்தது, நிஜ டிரம்மர் வேண்டும் என்றார்கள், பீட் டி ஃப்ரைடஸ் வந்தார். குழு பல மடங்கு வலுவானது, அதை நான் மறுக்கவில்லை. 'எக்கோ என்பது அந்த டிரம் மெஷினின் பெயர்' என்ற கதை மட்டும் இன்றுவரை ஓயவில்லை. சார்ஜன்ட் பலமுறை மறுத்தும் பயனில்லை. மனிதனால் வேலை பறிபோன மெஷினுக்கு அந்தப் புகழாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் நடுவில் நிஜ டிரம்ஸ் ஒலி கொண்ட மெஷின்களின் விலை சரிந்தது. 1983-ல் ஈ-மு கம்பெனியின் டிரம்யுலேட்டர் 995 டாலருக்கு வந்து ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. '808-ன் கிக் நிஜ கிக் மாதிரியே இல்லையே' என்று சொல்லிப் பலர் அதை விற்றுத் தள்ளினார்கள். ரோலண்டின் டிஆர்-909-க்கும் அதே கதி. அவை பழைய சாமான் கடைகளிலும் அடகுக் கடைகளிலும் வந்து குவிந்தன. அங்கேதான் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருந்த கறுப்பின இளைஞர்கள் அவற்றைக் கண்டெடுத்தார்கள். இவர்கள் பேண்ட் தொடங்க நினைத்தவர்கள்கூட அல்ல. கிளப்பில் ரெக்கார்டு ஓட்டுகிறவர்கள், அல்லது ஓட்ட ஆசைப்பட்டவர்கள். டெட்ராய்ட்டின் டெரிக் மே தன் 909-ஐ சிகாகோவின் ஃப்ராங்கி நக்கிள்ஸுக்கு விற்ற கதையை ஹவுஸ் இசைக்காரர்கள் புராணம் மாதிரி சொல்வார்கள். ஏன் விற்றார்? வாடகை கட்டப் பணமில்லை. அந்த மெஷின் சிகாகோ வந்து சேர்ந்ததும் ஹவுஸ் இசையின் கிக் கனத்தது என்பார்கள். ஹவுஸ் என்ற இசைக்குள் வீட்டு வாடகை இப்படி நிஜமாகவே நுழைந்திருக்கிறது.

இந்தியாவில்? 1982-ல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 808-ஐயும் டிபி-303 பேஸ் பெட்டியையும் ஜூபிடர்-8 சிந்தசைசரையும் வீட்டில் ஒன்றாக இணைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறதே என்று, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் பதிந்தார். எச்.எம்.வி. வெளியிட்டது, யாரும் வாங்கவில்லை. 2010-ல் ஒரு டச்சு சேகரிப்பாளர் மறுபதிப்புச் செய்ததும், சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே பம்பாயில் ஒருவர் அதே ஒலியை எழுப்பியிருக்கிறார் என்று உலகம் வாயைப் பிளந்தது. அவர் ஆசிட் ஹவுஸ் செய்யப் போகவில்லை. பைரவ், கலாவதி ராகங்களை வாசிக்கத்தான் போனார்.

நம் வீடுகளில் பெரும்பாலும் டிரம் மெஷின் தனியாக வரவில்லை, கேசியோ கீபோர்டுக்குள் ஒளிந்து வந்தது. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சித்தப்பா கையில் ஒன்று இருக்கும். அதில் ராக், டிஸ்கோ, வால்ட்ஸ் என்று பட்டன்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்டி-40 கீபோர்டின் 'ராக்' தயார் தாளம், ஜமைக்காவில் 1985-ல் வேய்ன் ஸ்மித்தின் 'அண்டர் மி ஸ்லெங் டெங்' ஆனது. ரெக்கே இசையே அன்றிலிருந்து கம்ப்யூட்டர் தாளத்துக்கு மாறியது. அந்தத் தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா, இசைக் கல்லூரி முடித்த கையோடு கேசியோவில் சேர்ந்த இளம்பெண். நாம் அதே போன்ற பட்டனை அமுக்கி 'ஹேப்பி பர்த்டே' வாசித்தோம். போகட்டும்.

கர்நாடக சங்கீதக்காரர்கள் இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையான கோடு போட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியும் தம்புராவும் வீட்டுக்கு வந்தன, பிறகு சபா மேடையிலேயே மைக்குக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. யாரும் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை. தாளம் வாசிக்கும் மின்பெட்டியும் வந்தது. பெங்களூரு ராடெல் கம்பெனியின் தாளமாலாவை வைத்து வீட்டில் சாதகம் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அது மேடை ஏறவில்லை, ஏறாது என்றே நினைக்கிறேன். சுருதி அசையாமல் நிற்க வேண்டும், மெஷின் நிற்கிறது, சரி. மிருதங்கக்காரர் அசைய வேண்டும். பாடுகிறவர் ஒரு சங்கதியை இழுத்தால் இழுத்த இடத்தில் காத்திருந்து, விழும் இடத்தில் சேர்ந்து விழ வேண்டும். 16 ஸ்டெப்புக்குள் அது அடங்காது. லீட்ஸ்காரர்கள் அந்த அசையாமையையே இசையாக்கினார்கள், நம்மவர்கள் அதை வீட்டோடு நிறுத்தினார்கள். இரண்டுமே சரியான முடிவுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது விலை நிலவரம் தலைகீழாகி விட்டது. யாரும் வேண்டாம் என்று தள்ளிய 808-க்குப் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். 606-க்கும் டாக்டர் ரிதமுக்கும்கூட பவிசு வந்துவிட்டது. அதே ஒலி வேண்டும் என்றால் நகல் மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன, போனில் இலவச ஆப்கூட இருக்கிறது. ஆனால் ஆப்பில் ஆயிரம் கிக் ஒலி இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதிலேயே ராத்திரி போய்விடும். நான்கு ஒலி கொண்ட பெட்டியில் அந்தக் கவலை இல்லை. பத்து நிமிடத்தில் பாட்டு வேலைக்கு வந்துவிடலாம்.

பழைய பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காதீர்கள், முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்காக உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து, பச்சையாகப் பூத்து, தொடுமுனையை அரித்திருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள், இரண்டு முறை அமுக்கினால் ஒரு முறை மட்டும் எடுக்கிறதா என்று. ஹெட்போன் துளை இருக்கிற மாடலா, இருந்தால் அது வேலை செய்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தானே கிடார் எடுக்க நேரம் கிடைக்கிறது.